இத்தனையையும் யார் படிப்பது?

பிரான்சிஸ் ஜேம்ஸ் சைல்ட் 1851இல் ஹார்வர்டு கல்லூரியின் பாய்ல்ஸ்டன் பேராசிரியராகப் பதவியேற்றபோது அவருக்கு வயது 26. பாஸ்டன் வணிகர் ஒருவர் உயிலில் எழுதிவைத்த பணத்தில் உருவான பதவி அது. அதை முதலில் வகித்த ஜான் குவின்சி ஆடம்ஸ் பின்னாளில் அமெரிக்காவின் குடியரசுத் தலைவரானார். ஜெர்மனியில் மொழியியல் படித்துவிட்டு வந்த சைல்டுக்கு அந்தப் பெரிய பதவி தந்த அன்றாட வேலை, மாணவர்களின் கட்டுரைகளைத் திருத்துவது. 25 ஆண்டுகள் திருத்தினார். 1876இல், பால்டிமோரில் புதிதாகத் தொடங்கப்பட்ட ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் அவரைத் தன் பக்கம் இழுக்கப் பார்த்தது. அவரை இழக்க மனமில்லாத ஹார்வர்டு, கட்டுரைக் கட்டுகளிலிருந்து அவரை விடுவித்துத் தன் முதல் ஆங்கிலப் பேராசிரியராக்கியது. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து கதைப்பாடல்கள் 305ஐத் திரட்டி அவர் பதிப்பித்த பெருந்தொகுப்பு 1882 முதல் வெளிவரத் தொடங்கியது. இன்றும் நாட்டார் வழக்காற்று ஆய்வாளர்கள் அந்தப் பாடல்களை அவர் இட்ட எண்ணைச் சொல்லியே குறிப்பிடுகிறார்கள்.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் முதலாண்டு மாணவர்கள் படித்தாக வேண்டிய ஆங்கில எழுத்து வகுப்பின் வரலாற்றை இந்த விடுதலையிலிருந்து தொடங்குவதே சரி. எத்தனை பக்கம் எழுத வேண்டும், எத்தனை நாளுக்கு ஒருமுறை, எது பிழை, எது நயம் என்று அந்த வகுப்பு காலங்காலமாக விதித்துவந்த விதிகளில் இலக்கியக் கொள்கைக்கு ஓரளவு பங்கு உண்டு. அதைவிடப் பெரிய பங்கு, வந்து குவியும் தாள்களைப் படித்துத் தீர்க்க வேண்டியவருக்குக் கிடைத்த நேரத்துக்கு உண்டு.

அதற்கு முந்தைய காலத்தில் கல்லூரிப் படிப்பு பெரும்பாலும் வாய்வழிப் படிப்பு. லத்தீனையும் கிரேக்கத்தையும் மனப்பாடம் செய்து ஒப்பிப்பது, மேடையேறிச் சொற்பொழிவாற்றுவது, இவைதான் படித்தவனுக்கு அடையாளம். ஆங்கிலத்தில் எழுதவும் சொல்லிக் கொடுத்தார்கள். சைல்டுக்கு முன் பாய்ல்ஸ்டன் பதவியில் 1819 முதல் 1851 வரை இருந்த எட்வர்டு டிரல் சானிங், எமர்சனுக்கும் தோரோவுக்கும் கட்டுரை திருத்தியவர். ஆனால் வகுப்புகள் சிறியவை. எழுத்து அங்கே பேச்சின் துணைக்கு வந்த கலை, அவ்வளவுதான்.

இந்த நிலையை மாற்றியவர் ஒரு வேதியியலாளர். 1869இல் ஹார்வர்டின் தலைவரான சார்லஸ் வில்லியம் எலியட் தம் பதவியேற்பு உரையிலேயே, ஆங்கிலத்தை முறையாகப் படிப்பது புறக்கணிக்கப்படுவதைச் சொல்லிக் குறைபட்டார். உள்நாட்டுப் போர் முடிந்து ரயில்வேயும் ஆலைகளும் வங்கிகளும் பெருகிய நேரம். அலுவலகங்களுக்கு அறிக்கையும் கடிதமும் எழுதத் தெரிந்தவர்கள் தேவைப்பட்டார்கள். மரக்கூழில் செய்த காகிதம் வந்து தாளின் விலையும் இறங்கியது. பையனைக் கூப்பிட்டு ஒப்பிக்கச் சொன்ன கல்லூரி, இப்போது அவன் கையில் தாளைக் கொடுத்து எழுதச் சொல்ல முடிந்தது.

எலியட் 1872இல் எழுத்துப் பயிற்சிக்கு ஒருவரைத் தேடியபோது அழைத்தது ஒரு பத்திரிகையாளரை. ஆடம்ஸ் ஷெர்மன் ஹில் நியூயார்க் டிரிப்யூன் பத்திரிகைக்காகப் போர்க்காலத்தில் வாஷிங்டனிலிருந்து செய்தி அனுப்பியவர். சைல்ட் இறக்கிவைத்த சுமையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, அவர் விட்ட பாய்ல்ஸ்டன் பதவியில் 1876 முதல் 1904 வரை இருந்தவரும் இவர்தான். அலங்காரச் சொற்பொழிவு நடை அவருக்கு ஆகாது. தெளிவாக எழுது, பிழையில்லாமல் எழுது என்பதே அவர் பாடம்.

1874இல் ஹார்வர்டு தன் நுழைவுத் தேர்வில் ஆங்கிலக் கட்டுரையைச் சேர்த்தது. ஷேக்ஸ்பியரின் மூன்று நாடகங்கள், கோல்ட்ஸ்மித்தின் நாவல், ஸ்காட்டின் படைப்புகள் என்று ஒரு பட்டியலை முன்கூட்டியே அறிவித்தார்கள். அவற்றிலிருந்து எடுத்த ஒரு பொருளைப் பற்றிப் பையன் ஒரு சிறு கட்டுரை எழுத வேண்டும். எழுத்துக்கூட்டல், நிறுத்தக்குறி, இலக்கணம், வெளிப்பாடு நான்கும் சரியாக இருக்க வேண்டும். 1870களின் முடிவில் தேர்வெழுதியவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் தேறவில்லை. நாட்டின் ஆகச் சிறந்த பள்ளிகளில் லத்தீன் செய்யுளைத் தலைகீழாகச் சொல்லப் பழகிய பிள்ளைகள் தாய்மொழியில் ஒரு பக்கம் எழுதத் திணறினார்கள்.

அந்த நான்கு அளவுகோல்களில் விமர்சனத்துக்கோ கற்பனைக்கோ மதிப்பெண் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். நாடகத்தைப் பற்றிப் பையன் என்ன நினைத்தான் என்பதை எடைபோட நேரம் வேண்டும். காற்புள்ளி இருக்கிறதா இல்லையா என்பதை ஓடுகிற கண்ணே பார்த்துவிடும்.

தேர்வில் தெரிந்த ஓட்டையை அடைக்க ஒரு வகுப்பு வந்தது. இரண்டாம் ஆண்டில் இருந்த எழுத்துப் பாடத்தை 1885இல் முதலாண்டுக்கு நகர்த்தினார்கள். 'இங்கிலீஷ் ஏ' என்பது அதன் பெயர். எலியட் கட்டாயப் பாடங்களை ஒவ்வொன்றாகக் களைந்து, விரும்பியதைப் படிக்கலாம் என்ற முறையைக் கொண்டுவந்தவர். 19ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் லத்தீன் போனது, கிரேக்கம் போனது, கணிதம் போனது. கடைசியில் ஹார்வர்டு மாணவர் எல்லோருக்கும் பொதுவாக மிஞ்சிய ஒரே கட்டாயப் பாடம் ஆங்கில எழுத்து. மற்றக் கல்லூரிகள் ஹார்வர்டைப் பார்த்துப் பாடத்திட்டம் வகுத்த காலம் அது. சில பத்தாண்டுகளில் நாடு முழுக்க முதலாண்டு எழுத்து வகுப்பு பரவியது.

அந்த வகுப்புக்கு முகம் கொடுத்தவர் பாரெட் வெண்டெல். 1877இல் ஹார்வர்டில் பட்டம் பெற்று, சட்டம் படிக்கப் போய், 1880இல் ஹில்லுக்குத் தாள் திருத்தும் உதவியாளராகத் திரும்பியவர். அவர் புகழ்பெறச் செய்த வழக்கம் 'டெய்லி தீம்', அதாவது தினக்கட்டுரை. மாணவர் நாள்தோறும் ஒரு சிறு தாளில் ஒன்றிரண்டு பத்தி எழுதித் தர வேண்டும். பொருள் அவர் விருப்பம். அன்று கண்ணில் பட்ட ஏதாவது ஒன்றாக இருந்தால் போதும்: தெருவில் நடந்த சச்சரவு, ஆற்றின் மேல் விழுந்த வெளிச்சம், விடுதி அறையில் நடந்த பேச்சு. இதற்கு மேல் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நீண்ட கட்டுரை ஒன்று. அறம், நாட்டுப்பற்று, இளமையின் இன்பம் என்று பொத்தாம்பொதுவான தலைப்புகளில் எழுதிச் சலித்திருந்த பிள்ளைகளுக்கு, சுற்றி நடப்பதைப் பார்த்து எழுது என்றது பெரிய திறப்பாக இருந்தது. நம் பள்ளிகளில் காம்போசிஷன் நோட்டில் பசுவைப் பற்றி எழுதியவர்களுக்கு இதன் அருமை சொல்லாமலே விளங்கும்.

வெண்டெல் 1890இல் பாஸ்டனில் ஆற்றிய சொற்பொழிவுகள் மறு ஆண்டு நூலாக வந்தன. ஒரு பத்தி ஒரே பொருளைச் சுற்றி நிற்க வேண்டும். முக்கியமானது முக்கியமான இடத்தில் வர வேண்டும். வாக்கியத்துக்கு வாக்கியம் தொடர்பு அறுபடக் கூடாது. அவர் வகுத்த இந்த மூன்றும் அமெரிக்கப் பாடநூல்களில் அடுத்த அரை நூற்றாண்டு நிலைத்தன.

ஆனால் நாள்தோறும் எழுதுகிறவர் இருந்தால் நாள்தோறும் படிக்கிறவரும் இருந்தாக வேண்டும். 1890களின் தொடக்கத்தில் வெண்டெலின் வகுப்பில் சுமார் 170 மாணவர்கள் இருந்தார்கள். தினக்கட்டுரையும் நீண்ட கட்டுரையுமாக ஓராண்டில் அவரிடம் வந்தவை 24,000 தாள்களுக்கு மேல். கல்வியாண்டு முப்பது வாரம் என்று வைத்துக்கொண்டாலும் வாரத்துக்கு 800. ஞாயிறு கூட விடாமல் உட்கார்ந்தாலும் நாளுக்கு நூற்றுக்கு மேல். பின்னாளில் யேலில் பெயர்பெற்ற வில்லியம் லயன் ஃபெல்ப்ஸ் இளமையில் ஓராண்டு ஹார்வர்டில் இந்த வேலையைச் செய்தார். வாரந்தோறும் நூற்றுக்கணக்கில் வந்த தாள்களோடு மல்லுக்கட்டிய அந்த ஆண்டை அவர் கசப்போடுதான் நினைவுகூர்ந்தார்.

இத்தனையையும் படித்தவர்களுக்குக் கைகொடுத்தவை குறியீடுகள். எழுத்துக்கூட்டல் பிழைக்கு ஒன்று, சொல் பொருந்தாததற்கு ஒன்று, பத்தி பிரிக்காததற்கு ஒன்று, இடறும் நடைக்கு 'கே' என்ற ஒற்றை எழுத்து என்று ஒரு பட்டியலே இருந்தது. ஓரத்தில் குறியைப் போட்டுவிட்டு அடுத்த தாளுக்குப் போகலாம். மாணவர் பட்டியலைப் பார்த்துத் தவறைத் தெரிந்துகொண்டு திருத்தி எழுதித் தருவார். படிக்கிறவரின் நேரத்தை மிச்சப்படுத்த வந்த ஏற்பாடு, படிப்படியாக நல்ல எழுத்துக்கே இலக்கணமாகிவிட்டது. குறியீடு விழாத தாள் நல்ல தாள். எழுதியவர் சொன்னது உண்மையா, அது சொல்லத் தக்கதா என்பதற்குப் பட்டியலில் குறியீடு கிடையாது. அந்த வகுப்பு தன் மாணவர்களுக்குச் செய்த பெரிய அநீதி இது.

1892இல் ஹார்வர்டு இந்த வகுப்பை ஆராய மூவர் குழு ஒன்றை அமைத்தது. ஒருவர் யூனியன் பசிபிக் ரயில்வேயின் முன்னாள் தலைவர் சார்லஸ் பிரான்சிஸ் ஆடம்ஸ். அடுத்தவர் தி நேஷன் இதழை நிறுவிய காட்கின். மூன்றாமவர் அரசியல்வாதி ஜோசையா குவின்சி. ஒருவர்கூட எழுத்து வகுப்பு நடத்தியவர் இல்லை. மாணவர்களின் தாள்களைக் கட்டுக்கட்டாக வாங்கிப் பார்த்தார்கள். சிலவற்றைப் பிழையும் கையெழுத்தும் அப்படியே தெரியும்படி அச்சிட்டும் வெளியிட்டார்கள். திருத்தும் ஆசிரியர்கள் படும் பாட்டைக் கண்டு இரங்கினார்கள். ஆனால் அவர்கள் கண்ட முடிவு, குற்றம் பள்ளிகளுடையது என்பது. இந்த அடிப்படை வேலையைப் பள்ளிகளே செய்து அனுப்ப வேண்டும், உயர்கல்வி நிறுவனம் செய்யக் கூடாது என்றார்கள். பத்திரிகைகள் இந்தக் கூச்சலைப் பிடித்துக்கொண்டன. பிள்ளைகளுக்கு எழுதத் தெரியவில்லை என்ற புலம்பல் அதற்குப் பின் அமெரிக்காவில் தலைமுறைக்கு ஒருமுறை திரும்ப வந்திருக்கிறது. 1975 டிசம்பரில் நியூஸ்வீக் இதழ் அதையே அட்டைப்படக் கட்டுரையாக்கியது.

தாள்களின் மலைக்கு நடுவிலும் ஒருவர் எழுதியதை இன்னொருவர் நின்று படித்த தருணங்கள் உண்டு. அவற்றில் ஒன்றைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

1888இல் டபிள்யூ. இ. பி. டு போய்ஸ் ஹார்வர்டில் சேர்ந்தார். மாசசூசெட்ஸின் கிரேட் பாரிங்டன் என்ற சிற்றூரில் பிறந்து, டென்னசியில் கறுப்பினத்தவருக்கான ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று வந்தவர். முதல் கட்டுரை தர வேண்டிய சமயத்தில், அலபாமாவின் செனட்டர் மார்கன் கறுப்பினத்தவரைத் தூற்றி எழுதிய கட்டுரை ஒன்று இதழில் வந்திருந்தது. டு போய்ஸ் கொதித்துப்போய், கையில் கிடைத்த சொற்களையெல்லாம் எடுத்து அந்த மனிதர் மேல் வீசினார். நீளமான, அனல் பறக்கும் கட்டுரை. திரும்பி வந்தபோது அதன் மேல் 'ஈ' என்று இருந்தது. தேறவில்லை என்று பொருள். இதுவரை படிப்பில் தோல்வி கண்டறியாத இளைஞருக்கு அது பேரிடி.

அவர் அதை எடுத்துக்கொண்ட விதம்தான் கவனிக்கத்தக்கது. சொல்ல வந்த செய்தியே முதன்மை, நடை அதற்குப் பின்தான் என்ற எண்ணத்தை அவர் கைவிடவில்லை. ஆனால் குழம்பிய வாக்கியத்தில் வரும் உண்மையைவிட நல்ல நடையில் வரும் உண்மை தூரம் போகும் என்று கண்டுகொண்டார். கல்லூரியிலேயே சிறந்த எழுத்து வகுப்பு என்று பெயர் வாங்கியிருந்த வெண்டெலின் 'இங்கிலீஷ் 12'இல் சேர்ந்தார். 1890 அக்டோபரில் அந்த வகுப்புக்காகத் தம்மைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். உலகுக்குச் சொல்லத் தம்மிடம் ஏதோ இருக்கிறது என்று நம்புவதாகவும், அதை நன்றாகச் சொல்லவே இந்த வகுப்பில் சேர்ந்ததாகவும் அதை முடித்திருந்தார். அந்தக் கடைசி வாக்கியம் வெண்டெலுக்குப் பிடித்துப்போனது. வகுப்பில் உரக்கப் படித்துக் காட்டினார். ஆண்டுக்கு 24,000 தாள் பார்த்த மனிதர் ஒரு தாளில் நின்றார். எழுதியவர் 22 வயது இளைஞர், 13 ஆண்டு கழித்து 'தி சோல்ஸ் ஆஃப் பிளாக் ஃபோக்' நூலைத் தரப்போகிறவர்.

எதிர்ப்பக்கத்தில் கெர்ட்ரூட் ஸ்டைன் இருக்கிறார். ஹார்வர்டின் பெண்கள் கல்லூரியான ராட்கிளிஃபில் 1894-95இல் அவர் எழுதிய தினக்கட்டுரைகள் இன்றும் கிடைக்கின்றன. திருத்தியவர் வில்லியம் வான் மூடி என்ற கவிஞர். அவர் ஓரங்களில் எழுதிய குறிப்புகளில் பாராட்டும் உண்டு, வாக்கியக் கட்டமைப்பைப் பற்றிய கண்டிப்பும் உண்டு. காற்புள்ளியையே தேவையில்லை என்று ஒதுக்கிய எழுத்தாளராக ஸ்டைன் பின்னாளில் மாறினார்.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதே 'இங்கிலீஷ் 12'ஐ எடுத்து நடத்திய சார்லஸ் டவுன்சென்ட் கோப்லண்ட் வேறொரு வழி கண்டார். மாணவரை ஹாலிஸ் விடுதியிலுள்ள தம் அறைக்கு வரச் சொல்வார். மாணவர் தம் கட்டுரையைத் தாமே உரக்கப் படிக்க வேண்டும். கோப்லண்ட் இடையிடையே சொல்லும் கருத்தை மாணவரே ஓரத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். எழுதியதைத் தன் வாயால் படிக்கும்போது எங்கே தடுக்குகிறது என்று எழுதியவனுக்கே தெரிந்துவிடும். டி. எஸ். எலியட், ஜான் ரீட், வால்டர் லிப்மன் எல்லோரும் அந்த அறைக்குப் போய்வந்தவர்கள். ஆனால் இது ஒரு மனிதர் தம் மாலைகளை முழுசாகக் கொடுத்து நடத்திய வகுப்பு. மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கு அந்த வசதி கிடையாது.

அங்கிருந்து முதல் எதிர்க்குரல் வந்தது. மிச்சிகனில் பிரெட் நியூட்டன் ஸ்காட், பிழை பொறுக்குவதையே எழுத்துக் கல்வியாக நினைக்கும் ஹார்வர்டு வழியை வெளிப்படையாகக் கண்டித்தார். 1911இல் தொடங்கிய தேசிய ஆங்கில ஆசிரியர் மன்றத்துக்கு அவரே முதல் தலைவர். 1912 ஜனவரியில் வெளிவந்த 'இங்கிலீஷ் ஜர்னல்' முதல் இதழின் முதல் கட்டுரையை எழுதியவர் கன்சாஸ் பல்கலைக்கழகத்தின் எட்வின் ஹாப்கின்ஸ். இன்றுள்ள நிலையில் நல்ல எழுத்துப் பயிற்சி தர முடியுமா என்பது தலைப்பு. கட்டுரையின் முதல் சொல்லே முடியாது என்பதுதான். ஓர் ஆசிரியரிடம் இத்தனை மாணவர்களைக் கொடுத்தால் அவர் உடம்பு கெடும், இல்லாவிட்டால் வேலை கெடும் என்று கணக்கோடு எழுதினார். கேட்டவர்கள் தலையாட்டினார்கள். எதுவும் மாறவில்லை. மூத்த பேராசிரியர்கள் சைல்ட் போன வழியிலேயே இலக்கிய ஆராய்ச்சிக்குப் போனார்கள். எழுத்து வகுப்பு ஆராய்ச்சி மாணவர்கள் தலையிலும், குறைந்த சம்பளத்தில் அமர்த்தப்பட்டவர்கள் தலையிலும் விழுந்தது. அவர்களில் கணிசமானோர் பெண்கள்.

அரை நூற்றாண்டு கழித்து வேறொரு கேள்வி எழுந்தது. முடிந்த தாளைப் பார்த்துப் பிழை சொல்கிறோம், எழுதும்போது மாணவருக்குள் என்ன நடக்கிறது? ஜேனட் எமிக் எட்டுப் பள்ளி மாணவர்களை உட்காரவைத்து, எழுத எழுத மனத்தில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லச் சொன்னார். 1971இல் வெளிவந்த அவர் ஆய்வு, யாரும் பாடநூல் சொல்கிறபடி குறிப்பெடுத்து, வரிசைப்படுத்தி, பிறகு எழுதுவதில்லை என்று காட்டியது. நியூ ஹாம்ப்ஷயரில் டொனால்ட் மரே, 1954இல் தலையங்கங்களுக்காகப் புலிட்சர் பரிசு பெற்ற பத்திரிகையாளர், மாணவர்களை ஒவ்வொருவராக அழைத்து வரைவுகளைப் பற்றிப் பேசினார். முதல் வரைவு, மறுவரைவு, சகமாணவர் கருத்து என்று இன்று எந்த எழுத்து வகுப்பின் விதிமுறையிலும் காணப்படும் சொற்கள் இந்தக் காலத்தில் வேரூன்றியவை.

இந்த வரலாற்றில் தாள்களை மிகுந்த மரியாதையோடு படித்தவர் மினா ஷாக்னசி. நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம், மாணவர் போராட்டங்களுக்குப் பின், 1970இல் நகரின் உயர்நிலைப் பள்ளிகளில் தேறிய எல்லோருக்கும் கதவைத் திறந்தது. ஹார்லெமில் உள்ள சிட்டி கல்லூரிக்குக் கறுப்பினப் பிள்ளைகளும், போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளைகளும், வெள்ளையினத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளும் வந்தார்கள். சேர்ந்ததும் அவர்கள் எழுதித் தந்த கட்டுரைகளைப் பார்த்த ஆசிரியர்கள் திகைத்தார்கள். எங்கே குறியிடுவது என்றே தெரியாத அளவுக்குப் பிழை. இவர்கள் கல்லூரிக்குரியவர்கள் அல்ல என்று பலர் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள்.

ஷாக்னசி அந்தத் தாள்களோடு உட்கார்ந்தார். 1970 முதல் 1974 வரை எழுதப்பட்ட சுமார் 4,000 கட்டுரைகள். பிழைகளை எண்ணவில்லை, ஏன் வந்தன என்று பார்த்தார். பன்மைக்கும் வினைமுற்றுக்கும் வரும் 'எஸ்' எழுத்தை விட்டுவிட்டதற்காகத் திட்டு வாங்கியவர், அடுத்த தாளில் அது வேண்டாத இடத்திலும் போடுகிறார். அது கவனக்குறைவு அல்ல, ஒரு விதியைக் கற்க முயல்வதன் தடம். பேச்சில் ஏற்ற இறக்கத்தால் முடித்துக்கொள்ளும் வாக்கியத்தைத் தாளில் எங்கே முடிப்பது என்று தெரியாதவர், புள்ளி வைக்க அஞ்சிக் காற்புள்ளியாக இட்டுப்போகிறார். கையெழுத்தே தடுமாறுகிறது, ஏனென்றால் பள்ளியில் ஒரு பருவம் முழுக்க அவர் எழுதியது சில நூறு சொற்கள்தான். ஒவ்வொரு சொல்லும் மாட்டிக்கொள்ளும் இடம் என்று பயந்தவர் குறைவாகத்தான் எழுதுவார். இந்த மாணவர்கள் முட்டாள்கள் அல்லர், தொடக்கநிலையில் இருப்பவர்கள், தொடக்கநிலையில் இருப்பவர் எவரும் தவறு செய்துதான் கற்பார்கள் என்று அவர் எழுதினார். 1977இல் 'எரர்ஸ் அண்ட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' என்ற பெயரில் அந்த நூல் வந்தது. மறு ஆண்டே அவர் காலமானார். ஹில்லின் காலத்திலிருந்து நூறாண்டாகத் தாளின் ஓரத்தில் குறியாக மட்டும் நின்ற பிழையை, எழுதியவரின் அறிவு எங்கே போய்க்கொண்டிருக்கிறது என்று காட்டும் சான்றாக அவர் படித்துக் கொடுத்தார்.

1980களில் நியூயார்க் மாநிலத்தின் ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்தில் பீட்டர் எல்போவும் பேட் பெலனாஃபும் ஒரே அமர்வில் எழுதும் தேர்வை நீக்கினார்கள். பருவம் முழுக்க எழுதித் திருத்தியவற்றில் சிறந்தவற்றை மாணவர் தொகுத்துத் தரலாம். அவருக்குப் பாடம் எடுக்காத ஆசிரியர்களும் அதைப் படித்துத் தேர்ச்சியை முடிவு செய்வார்கள். இந்தத் தொகுப்பு முறை வேகமாகப் பரவியது. யேலில் தினக்கட்டுரை வகுப்பு வேறு பெயர் பூணாமல் இன்றும் நடக்கிறது, வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு 300 சொல். ஹார்வர்டில் மற்ற விதிகள் எத்தனையோ முறை மாறியும் முதலாண்டு எழுத்து வகுப்பு கட்டாயமாகவே இருக்கிறது.

கல்லூரி எழுத்து ஆசிரியர்களின் மாநாட்டு அமைப்பு 1989இல் ஒரு கொள்கை அறிக்கை வெளியிட்டது. ஒரு வகுப்பில் 20 மாணவர்களுக்கு மேல் கூடாது, 15 என்றால் நல்லது, ஓர் ஆசிரியர் ஒரு பருவத்தில் 60 பேருக்கு மேல் எழுத்து சொல்லிக் கொடுக்கக் கூடாது என்றது. ஹாப்கின்ஸ் அந்த ஒற்றைச் சொல்லை எழுதி அப்போது 77 ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்த எண்ணிக்கைக்குள் நிற்கும் கல்லூரிகள் அமெரிக்காவில் உண்டு, பெரும்பாலும் பணவசதி உள்ளவை. மற்ற இடங்களில், நிரந்தர வேலை இல்லாமல் இரண்டு மூன்று கல்லூரிகளுக்கு ஓடி ஓடிப் பாடம் எடுக்கும் பகுதிநேர ஆசிரியர்கள்தான் இன்றும் அந்தக் கட்டுகளை வீட்டுக்கு எடுத்துப் போகிறார்கள்.